தீமிதிக் குண்டத்தை அணைத்தவன்

கையை மேஜை மேல வைங்க சார். அப்படி இல்ல, உள்ளங்கை மேல பாக்க. ஆங். நகைக்கடையில வெட்டித்தான் எடுக்கணும்னு சொன்னானா? சொல்லுவான். வெட்டினா திரும்ப ஒட்ட அவன்கிட்டதான போகணும். நாளைக்கு ஸ்கேன், உடம்புல பொட்டுத் தங்கம் இருக்கக் கூடாது. மோதிரத்தை வெட்டவும் கூடாது, கல்யாண மோதிரம், வீட்டுல மேடம் உத்தரவு. அதனால தீயணைப்பு நிலையத்துக்கு வந்துட்டீங்க. சரியான இடம்தான் சார். தீயைத் தவிர மத்த எல்லாத்துக்கும் எங்களைத்தான் கூப்பிடுவாங்க.

ஆயுதத்தைப் பாத்துக்கங்க. தையல் நூல் ஒரு கண்டு, சோப்பு ஒரு துண்டு. வெளியில நிக்குதே சிவப்பு வண்டி, ஏணி, பம்பு, அதெல்லாம் பாக்குறதுக்கு லட்சணமா இருக்கட்டும்னு வச்சிருக்கோம். நூலோட ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில விடுவேன். மீதியை மோதிரத்துல இருந்து மூட்டு தாண்டி நெருக்கமா சுத்துவேன். அப்புறம் அடி முனையைப் பிடிச்சுப் பிரிச்சா மோதிரம் ஒவ்வொரு சுத்தா ஏறி வெளியில வந்துரும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். சுத்தறப்ப வலிக்கும். வலிச்சா பல்லைக் கடிச்சுக்கங்க, அது நல்லது. வலி நின்னுபோய் விரல் மரத்துச்சுன்னா மட்டும் உடனே சொல்லிடணும். மரத்துப் போறதுதான் ஆபத்து.

மணி என்ன சார்? அஞ்சே முக்காலா. ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

இந்த வேலையில எப்படிச் சேர்றதுன்னு கேட்டீங்க இல்ல. யாருக்கு, மச்சான் பையனுக்கா? அப்ப சொல்லிடறேன். முதல்ல போலீஸ் ஆகணும்னு ஆசைப்படணும். ஃபயர்மேன் ஆகணும்னு ஆசைப்பட்டு ஃபயர்மேன் ஆனவனை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. போலீசு, ஜெயில் வார்டரு, தீயணைப்பு, மூணுக்கும் ஒரே பரீட்சை. எது முதல்ல வேணும், எது ரெண்டாவதுன்னு கேப்பாங்க. எல்லாப் பயலும் போலீசுக்குத்தான் ஒண்ணு போடுவான். நானும் போட்டேன். மூணாவதா போட்டதைக் கொடுத்தாங்க. அதுவும் ஒரேயடியா கொடுக்கல. முதல் வருஷம் நெஞ்சளவுல தள்ளிட்டாங்க. மூச்சை இழுத்தா நெஞ்சு அஞ்சு சென்டிமீட்டர் விரியணும். எனக்கு நாலரைதான் விரிஞ்சது. அரை சென்டிமீட்டர் சார். அந்த அரை சென்டிமீட்டர்ல என் தலையெழுத்து தொங்கிக்கிட்டிருந்துச்சு.

அடுத்த வருஷத்துக்குள்ள அதை விரிய வைக்க நான் ஆறு மாசம் ஏரிக்கரையில நின்னு பலூன் ஊதினேன். ஊர்ல பைத்தியம்னு பேரு வாங்கினேன். எங்கம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? அம்மன் கோயிலுக்குப் போயி, எம்மவனுக்கு கவர்மெண்டு வேலை கிடைச்சா நான் தீ மிதிக்கிறேன்னு வேண்டிக்கிட்டாங்க. பாஸ் ஆயிட்டேன். ஆயிரத்து ஐநூறு மீட்டர் ஓடினது நான், கயிறு ஏறினது நான், பலூன் ஊதினதும் நான். பேரு பூரா அம்மனுக்கு.

இறுக்கமா இருக்கா? இருக்கட்டும்.

வேலையா? பயிற்சியில நல்லாத்தான் சொல்லிக் கொடுப்பாங்க. மணி அடிச்சா நிமிஷத்துக்குள்ள வண்டி வாசலைத் தாண்டணும். ஒரு ஆளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஏணியில இறங்கணும். கிணத்துல இறங்கறதுக்கு முன்னாடி விளக்கை விட்டுப் பாக்கணும், விளக்கு அணைஞ்சா உள்ள காத்து கெட்டுக் கிடக்குன்னு அர்த்தம். எல்லாம் படிச்சு முடிச்சு, மடிப்பு கலையாத காக்கியைப் போட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். முதல் நாள், முதல் மணி. வண்டியில தாவி ஏறுறேன். போயிப் பாத்தா ஒரு புள்ள தலையில எவர்சில்வர் குண்டான் மாட்டிக்கிட்டிருக்கு. அதுக்குள்ள இருந்துக்கிட்டு அது மிக்சர் கேக்குது.

அப்புறம் பாம்பு. பாம்புன்னா சாரைப்பாம்பு, அதை நல்ல பாம்புன்னு சொல்லித்தான் கூப்பிடுவாங்க. கிணத்துல மாடு. கிணத்துல மனுசன், அதைப் பத்தி இப்ப வேணாம். வெயில் காலத்துல வைக்கப்போரு எரியும், வண்டியை எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள நுழைஞ்சா, தண்ணி வண்டி வந்துருச்சுன்னு குடத்தோட ஓடி வருவாங்க. பின்னால போரு எரியுது, முன்னால பொம்பளைங்க வரிசை கட்டுறாங்க. நீங்க சிரிக்கிறீங்க.

அதுக்கு மேல இந்த போன். காசில்லாத போன்ல இருந்துகூட எங்களுக்கு மட்டும் போகுமாம், அதனால போன் வேலை செய்யுதான்னு பாக்க எங்களைக் கூப்பிடுவாங்க. அதையாவது பொறுத்துக்கலாம். நான் இந்த ஊருக்கு வந்து பதினோரு மாசம் ஆச்சு. வந்த நாள்ல இருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டேஷன் நம்பருக்கு ஒரு போன் வருது. பேசாது. மூச்சு மட்டும் கேக்கும். பின்னால டப்பு டப்புனு ஏதோ அடிக்கிற சத்தம். எவனோ வேலையத்தவன். மத்தவங்க எடுத்தா உடனே வச்சிடும். நான் எடுத்தா மட்டும் நிக்கும். சரி, இவனுக்கு சலிப்பு வரட்டும்னு நான் அன்னைக்குப் பாத்த வேலையை எல்லாம் வாசிச்சுக் காட்டுவேன். இன்னிக்கு ரெண்டு பாம்பு, ஒரு மாடு, தீ ஏதும் இல்ல, சாப்பிட்டாச்சுன்னு. முழுசா கேட்டுட்டு வச்சிடும். சலிக்கவே மாட்டேங்குது சார். என் ஓய்வு நாள்ல கூட ஆறு மணிக்கு நான் இங்க வந்து உக்காந்திருப்பேன். போனுக்காக இல்ல. எதுத்த கடையில டீ நல்லா இருக்கும்.

மணி ஆறு ஆயிருச்சா? ஆறு அஞ்சா. இன்னிக்கு வரல பாருங்க. வராது.

என்ன சார், முகம் ஒரு மாதிரி இருக்கு? வலி இல்லையா? எப்ப இருந்து இல்ல? ஏன் சார், மரத்துச்சுன்னா சொல்லுங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே. வலிக்கலையே, நல்லதுதானேன்னு இருந்துட்டீங்களா? படிச்சவங்கதான நீங்க? நுனி எப்படி நீலமா நிக்குது பாருங்க. பிரிக்கிறேன், ஆட்டாதீங்க. வலிக்கலையாம், நல்லதாம். எல்லாரும் இதையே சொல்லுங்க.

கோவிச்சுக்காதீங்க. குரல் ஏறிடுச்சு. அந்தக் கையைத் தலைக்கு மேல தூக்கி வச்சுக்கங்க, அப்படியே இருக்கட்டும். வீக்கம் வடியணும், ரத்தம் இறங்கணும். அப்புறம் இன்னொரு தடவை சுத்தலாம். அவசரம் இல்ல. எனக்கும் இன்னிக்கு எங்கயும் போறதுக்கில்ல.

இந்த ஊருக்கு நானா கேட்டு வரல சார். தண்டனை. என்ன தப்புப் பண்ணினேன்னு கேளுங்க. தீயை அணைச்சேன். சத்தியமா சொல்றேன், தீயணைப்போர் வேலைக்குச் சேந்து, தீயை அணைச்சதுக்காகத் தண்டனை வாங்கின ஒரே ஆளு நான்தான்.

எங்க ஊரு திண்டிவனம் தாண்டி உள்ள போகணும். அம்மா பூங்காவனம், தங்கச்சி வேதவல்லி, நான். மாவு மில்லுக்கு ஒட்டின வீடு, நாள் பூரா பெல்ட்டு டப்பு டப்புனு அடிச்சுக்கிட்டே இருக்கும், சுவத்துல மாட்டின படம் எல்லாம் ஆடும். எனக்கு வேலை கிடைச்ச வருஷமே அம்மா தீ மிதிச்சிருக்கணும். அப்பா தவறிட்டாரு, ஒரு வருஷம் ஆகாதுன்னாங்க. அடுத்த ரெண்டு வருஷம் ஊர்ல முதல் மரியாதை யாருக்குன்னு தகராறு, திருவிழாவே நடக்கல. இப்படித் தள்ளித் தள்ளி ஆறு வருஷம் ஓடிப்போச்சு. அதுக்குள்ள அம்மாவுக்கு சர்க்கரை முன்னூறு. நான் சுத்திச் சுத்தி எங்க ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்கே மாத்தலாகி வந்துட்டேன். போன வருஷம் திருவிழாவுக்கு பந்தோபஸ்துக்கு எந்த வண்டி போகுது? எங்க வண்டி. தண்ணி அடிக்கிற குழாயைப் பிடிச்சுக்கிட்டு குண்டத்து ஓரமா யாரு நிக்கணும்? துளசிங்கம், நான்தான் நிக்கணும். உள்ளூர்க்காரன், விவரம் தெரிஞ்சவன்னு அனுப்பினாங்க.

அதுக்கு ஒரு வாரம் முன்னாடி வீட்டுல ஒண்ணு நடந்துச்சு. அம்மா சோறு வடிக்கிறாங்க. கொதிக்கிற கஞ்சி கால் மேல கொட்டுது. அவங்க பாட்டுக்கு நின்னு வடிச்சுக்கிட்டே வேதவல்லிகிட்ட ரசத்துக்குப் புளி போட்டியான்னு கேக்கறாங்க. வேதவல்லிதான் அலறிச்சு. அப்பவும் அம்மா, என்னாடி காலுக்கு, அப்படீன்னு குனிஞ்சு பாக்கறாங்க. பாதம் பூரா கொப்புளம். டாக்டரு என்கிட்ட சொன்னாரு, கால்ல நரம்பு செத்துப் போச்சு தம்பி, இனிமே முள்ளு குத்தினாலும் தெரியாது, பாத்துக்கங்கன்னு. ஊர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? பூங்காவனத்துக்கு அம்மன் அருள் இறங்கிடுச்சு, இப்பவே சுடல பாருன்னாங்க. எங்கம்மா அதைக் கேட்டுட்டு என்னைப் பாத்தாங்க பாருங்க ஒரு பார்வை, பரீட்சையில நான் பாஸானப்பகூட அந்தப் பெருமை இல்ல.

சுட்டாத்தான சார் காலை வெரசா எடுத்து வைப்பாங்க? எல்லாரும் ஏன் ஓட்டமா கடக்கறாங்க? சுடுது, அதனால கடக்கறாங்க. சுடலைன்னா ஒருத்தங்க அதுல நின்னு சாமி கும்பிடுவாங்க. எங்கம்மா நிப்பாங்க. பிரகாரத்துல நிக்கிற மாதிரி நிப்பாங்க, எனக்குத் தெரியும். ஒத்தைப் புண்ணு வந்தா போதும், முதல்ல விரலை எடுப்பாங்க, அப்புறம் காலை எடுப்பாங்க. இதைச் சொன்னா ஊர்ல எவனுக்கும் காது கேக்கல.

ஆனா ஒண்ணு சார், அன்னைக்கு நான் பண்ணினது எங்கம்மாவுக்காக இல்ல. இதைத் தெளிவா வச்சுக்கங்க. எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க, விசாரணைக்கு வந்த அதிகாரியும் அதையேதான் கேட்டாரு. சட்டப்படி பண்ணினேன். குண்டத்துல இருந்து பொறி பறந்துச்சு. முப்பதடியில தென்னங்கீத்துப் பந்தல். பூங்கரகம் எடுத்தவரு கடந்துட்டாரு. பின்னால ரெண்டு பேரு கடந்தாச்சு. குண்டத்துல அந்த நிமிஷம் ஆளே இல்ல, நல்லாப் பாத்துக்கிட்டேன். பம்புகிட்ட டிரைவர் பலராமன் நிக்கிறாரு. நான் வலது கையைத் தூக்கினேன். கையைத் தூக்கினா தண்ணியைத் திறக்கணும், எங்க பழக்கம் அது. பாவம், எதுக்குன்னு அவரு கேக்கல. கேக்கக் கூடாதுன்னுதான எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. திறந்துட்டாரு.

அரை நிமிஷம் சார். புஸ்ஸுனு ஒரு சத்தம், ஊரே தெரியாத அளவுக்கு ஆவி. பம்பை மேளம் நின்னுச்சு, மைக்குல பேசினவன் வாயைத் திறந்தபடி நின்னான். ஆவி விலகிப் பாத்தா குண்டத்துல கறுப்பா கூழு. நாப்பது பேரு மஞ்சத்துணி கட்டி, காப்புக் கட்டி, பத்து நாளா விரதம் இருந்து வரிசையில நிக்கறாங்க. என்னையே பாக்கறாங்க. அப்புறம் விழுந்துச்சு பாருங்க அடி. பலராமன்தான் என்னை இழுத்து வண்டிக்குள்ள போட்டுக் கதவைச் சாத்தினாரு. தீயில இருந்து ஜனங்களைக் காப்பாத்துற வண்டி, ஜனங்ககிட்ட இருந்து என்னைக் காப்பாத்துச்சு.

விசாரணையில அதிகாரி கேக்கறாரு, ஏம்பா, பந்தல் கிழக்கால இருந்துச்சு, காத்து மேற்கு பாத்து அடிச்சிருக்கு, பொறி எப்படி பந்தலுக்குப் போகும்? காத்து திரும்பாதா சார்னு கேட்டேன். வரிசையில அடுத்து நின்னது யாருன்னு தெரியுமான்னாரு. யாரு நின்னாங்கன்னு நான் கவனிக்கல, அப்படீன்னு எழுதிக் கொடுத்தேன். இன்னிக்கும் அதான் சொல்வேன். கவனிக்கல. மஞ்சப் புடவை, கையில வேப்பிலை, இடது கால் கொப்புளத்துக்கு நான் காலையில போட்டு விட்ட கட்டை அவிழ்த்து எறிஞ்சுட்டு, வலது காலை முன்னால வச்சு நின்னாங்க. நான் கவனிக்கல.

கை வலிக்குதா, தூக்கியே வச்சிருக்கறது? இன்னும் கொஞ்ச நேரம். மணி என்ன? ஆறரை.

அன்னைக்கு வாயை மூடினவங்கதான் எங்கம்மா. அடிக்கல, திட்டல. திட்டியிருந்தா நான் பொறுத்துக்கிட்டிருப்பேன். சோறு போடுவாங்க, துணி துவைச்சு வைப்பாங்க, என் பேரைக் கூப்பிட மாட்டாங்க. வேதவல்லிகிட்டதான் சொன்னாங்களாம், குடுத்த வாக்கைக் கெடுத்துட்டான், நெருப்போட வேலை பாக்கறவன், அவனை இனிமே யாருடி காப்பாத்துவான்னு. கேட்டீங்களா? அவங்க காலு அழுகிடும்னு நான் பயந்தா, நான் எரிஞ்சு போவேன்னு அவங்க பயந்துக்கிட்டு இருக்காங்க. நல்ல குடும்பம். ஊருக்குள்ள நான் காலை வைக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க. மேலிடத்துல என்னை இங்க தூக்கிப் போட்டாங்க. வீட்டுக்கு போன் பண்ணினா அம்மா எடுத்து, என் குரலைக் கேட்டதும் வேதவல்லிகிட்ட நீட்டிடுவாங்க. ஒரு வருஷம் சார். ஒரு வார்த்தை இல்ல.

இன்னிக்கு எங்க ஊர்ல தீமிதி. அதான் மணி கேட்டுக்கிட்டே இருக்கேன். ஆறு மணிக்கு மேலதான் இறங்குவாங்க. இந்த வருஷம் அவங்க பேரைத்தான் கரகத்துக்கு அடுத்ததா வச்சிருக்காங்களாம். போன வருஷம் மகன் பண்ணின வேலைக்கு ஊரு காட்டுற பெருந்தன்மை. எங்க ஆபீசரு நல்ல மனுஷன், காலையில அவராவே கூப்பிட்டு, துளசிங்கம், லீவு எடுத்துட்டுப் போய்யா, ஊருக்கு வெளியிலயாவது நில்லுன்னாரு. நான் போகல. போனா என் கை சும்மா இருக்காது சார். குழாய் இல்லைன்னா குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுவேன். அவங்க வேண்டுதலை நான் எத்தனை தடவை கெடுக்கறது? அதனால, கொஞ்சம் நிக்காம நடங்கன்னு சொல்லச் சொல்லி வேதவல்லிகிட்ட சொல்லிட்டு, இந்த வருஷமும் வண்டியோட போயிருக்கிற பலராமன்கிட்ட, குண்டம் முடியிற இடத்துல கால் நனைக்கிற பால்குழியில தண்ணியை நிறைய ஊத்தி வைங்கன்னு போன்ல சொல்லிட்டு, இங்க உக்காந்து உங்க மோதிரத்துக்கு நூல் சுத்திக்கிட்டு இருக்கேன். எனக்குப் பயம் இல்லைன்னு நினைச்சுக்காதீங்க.

கையைக் கொடுங்க. வீக்கம் வடிஞ்சிருக்கு. சோப்புப் போடறேன். இப்பச் சுத்தறேன், மரத்துச்சுன்னா தயவுசெஞ்சு வாயைத் திறங்க. மூட்டு மேலதான் கஷ்டம். இன்னும் நாலு சுத்து. மூணு.

இருங்க. போன் அடிக்குது. நான் எடுக்கறேன், வேற யாரும் எடுக்காதீங்கப்பா. சார், இந்த முனையை நீங்க பிடிச்சுக்கங்க. விட்டுடாதீங்க.

தீயணைப்பு நிலையம், வணக்கம்.

ஹலோ.

இன்னிக்கு... இன்னிக்குக் காலையில ஒரு சாரைப்பாம்பு. மத்தியானம் ஒரு குப்பைமேடு, சின்னதுதான், நான் பக்கத்துல போகல. இப்ப ஒருத்தருக்கு மோதிரம் எடுத்துக்கிட்டு இருக்கேன். சாப்பிட்டேன். இல்ல, சாப்பிடல. இன்னிக்குச் சாப்பிடல.

என்னது? சத்தமா சொல்லு. மேளம் அடிக்குது, கேக்கல.

ம்.

ம். எப்ப? எந்தக் காலு?

திருப்பிச் சொல்லு. இன்னொரு தடவை சொல்லு.

சரி. சரி, அழாத. நான் எங்க அழறேன். நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு டாக்டர்கிட்ட போகணும், வேதவல்லிகிட்ட குடு. ஹலோ. ஹலோ. வச்சுட்டாங்க.

ராங் நம்பர் சார். தினமும் வரும்னு சொன்னேன் இல்ல.

எங்க விட்டோம். நூல் முனை எங்க, உங்ககிட்டதான குடுத்தேன். குடுங்க. மூணு சுத்து, ஆச்சு. இப்ப அடி முனையைப் பிடிச்சுப் பிரிக்கணும். பாருங்க, நகருது. நீங்க ஆடாம இருங்க.

சுட்டுச்சாம் சார்.

எங்கம்மாவுக்குச் சுட்டுச்சாம். ஒரு வருஷம் கழிச்சு என்கிட்ட பேசின முதல் பேச்சு அதான். 'சுட்டுதுடா துளசி.' வலது காலு. ரெண்டு எட்டுதான் வச்சாங்களாம், பொறுக்க முடியலையாம், ஓட்டமா ஓடி பால்குழியில போயி விழுந்தாங்களாம். கரகம் எடுத்தவரையே இடிச்சுத் தள்ளிட்டுப் போனாங்களாம், ஊரே சிரிச்சுதாம். பொய்யாகூட இருக்கலாம் சார். நான் இங்க உக்காந்து என்ன நினைச்சுக்கிட்டு இருப்பேன்னு தெரிஞ்சு சொன்ன பொய்யா இருக்கலாம். வேதவல்லிகிட்ட ராத்திரி கேட்டுக்கறேன். இப்ப கேக்கல. இப்ப எங்கம்மாவுக்குச் சுட்டுச்சு, அவ்வளவுதான்.

மூட்டுக்கு வந்துருச்சு. ஒரே இழுப்பு. ஆங், வந்துருச்சு. பிடிங்க உங்க மோதிரத்தை, வெட்டாம கொள்ளாம, மேடம்கிட்ட காட்டுங்க. விரலைப் பாருங்க, எப்படிச் செவந்து கிடக்கு.

வலிக்குதா சார்?

நல்லது சார். நல்லா வலிக்கட்டும்.